கருப்பை நுண்ணுயிர்ப் பரிசோதனை: காசு கட்ட முன்னும் ரிப்போர்ட் வந்த பின்னும்

புறக்கோட்டையில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் கடையொன்றில் பதினான்கு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். யாராவது ஒரு வீதத்தைச் சொன்னால் 'எதில்?' என்று கேட்டே பழகிய வாய். என் கருப்பையைப் பற்றி வந்த ரிப்போர்ட்டில் 'லாக்டோபாசிலஸ் 62 வீதம்' என்று பார்த்தபோது, அழுவதற்கு முன் கல்குலேட்டரைத் தேடினேன். இவர் அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

ஐ.வி.எஃப். முறையில், அதாவது உடலுக்கு வெளியே கருவை உண்டாக்கி, இரண்டு தடவை அந்த முளையத்தைக் கருப்பைக்குள் வைத்தார்கள். கிளினிக்கில் எல்லோரும் அதை 'டிரான்ஸ்ஃபர்' என்றுதான் சொல்வார்கள். இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதுக்கு முன் இந்தப் பரிசோதனையைச் செய்து பார்க்கலாமே என்றார் டொக்டர். செய்தேன். அதற்குப் பிறகு வெள்ளவத்தையில் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஏழெட்டுப் பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டார்கள். மார்க்கெட் வாசலில் மரக்கறிப் பையோடு நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன். நான் டொக்டர் இல்லை. மருந்து எழுத மாட்டேன், எனக்கு எழுதிய மருந்தின் பெயரைப் பார்த்து நீங்கள் பாமசிக்குப் போகவும் கூடாது.

எதைப் பார்க்கிறார்கள்?

கருப்பைக்குள் கிருமியே கிடையாது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 1900 வாக்கில் பிரான்சில் ஹென்றி டிசியே என்ற மருத்துவர் அப்படிச் சொல்லப்போக, நூறு வருடம் அதுவே பாடமாக இருந்தது. பழைய முறையில் சேம்பிளை ஒரு தட்டில் வளர்த்துப் பார்ப்பார்கள். தட்டில் வளராத பக்டீரியா கண்ணில் படாது. இப்போது வளர்க்கத் தேவையில்லை. எல்லாப் பக்டீரியாவிலும் 16எஸ் என்றொரு மரபணு இருக்கிறது, இனத்துக்கு இனம் அதில் சின்னச் சின்ன வித்தியாசம். அந்தத் துண்டை வாசித்தால் யார் யார் உள்ளே இருக்கிறார்கள், யாருடைய பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் இலக்கத்தைப் பார்த்து எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பது போல.

லாக்டோபாசிலஸ் என்ற பக்டீரியா நல்ல பக்கம். யோனியில் இருக்கும் கிளைகோஜனிலிருந்து லாக்டிக் அமிலம் உண்டாக்கி, அந்த இடத்தைப் புளிப்பாக, பி.எச். 4.5 க்குக் கீழே வைத்திருக்கும். அந்தப் புளிப்பில் கார்ட்னரெல்லா மாதிரியான வேண்டாத பக்டீரியா தலைதூக்குவது கஷ்டம். யோனியைப் பற்றிய இந்தக் கதை பழையது, உறுதியானது. கருப்பையைப் பற்றியது புதியது. அங்கே இருக்கும் பக்டீரியாவின் அளவு யோனியில் இருப்பதைவிட நூறு மடங்கிலிருந்து பத்தாயிரம் மடங்குவரை குறைவு.

இந்த இடத்தில்தான் என் கணக்குப் புத்தி விழித்துக்கொண்டது. ரிப்போர்ட் தருவது பங்கு, தொகை இல்லை. கடையின் லாச்சியில் பத்து லட்சம் இருந்து அதில் 62 வீதம் ஐயாயிரம் ரூபாத் தாள் என்றால் அது ஒரு செய்தி. லாச்சியில் மொத்தமே ஐந்து தாள்தான் இருக்கிறது, அதில் மூன்று ஐயாயிரம் ரூபாத் தாள் என்றாலும் 60 வீதம் வந்துவிடும். வெளியிலிருந்து ஒரு தாள் தவறி விழுந்தாலே கணக்கு மாறிவிடும். கருப்பைச் சேம்பிள் எடுக்கும் குழாய் யோனி வழியாகத்தான் உள்ளே போய் வருகிறது. வரும்போது சுவரில் பட்டுவிட்டால் அங்கிருக்கும் பக்டீரியாவும் கணக்கில் ஏறிவிடும். அதனால் எடுப்பவருடைய கை முக்கியம். இதை எத்தனை தடவை செய்திருக்கிறார் என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

90 என்ற கோடு எங்கிருந்து வந்தது?

லாக்டோபாசிலஸ் 90 வீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது, கீழே இருந்தால் கவனிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். 2016 இல் ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த குழு ஒன்று ஐ.வி.எஃப். செய்த முப்பத்துச் சொச்சம் பெண்களை வைத்து எழுதிய கட்டுரையில் வந்த கோடு அது. கோட்டுக்கு மேலே இருந்தவர்களில் 58.8 வீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, கீழே இருந்தவர்களில் 6.7 வீதம். பார்த்தவுடன் நெஞ்சு பக்கென்றது. பிறகு வீதத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். 17 பேரில் 10 என்றால் 58.8. 15 பேரில் 1 என்றால் 6.7. அந்தப் பதினைந்தில் இன்னும் இரண்டு பேருக்குப் பிறந்திருந்தால் 6.7 என்பது 20 ஆகியிருக்கும். பொய் என்று சொல்லவில்லை. இவ்வளவு சின்னப் பேரேட்டை வைத்து ஒரு கடையை வாங்க மாட்டேன், அவ்வளவுதான்.

2022 இல் அதே ஆராய்ச்சியாளர்கள் மூன்று கண்டங்களில் 13 நிலையங்களிலிருந்து 342 பெண்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். குழந்தை பிறந்தவர்களிடம் லாக்டோபாசிலஸ் கூடுதலாகவும், தங்காதவர்களிடம் கார்ட்னரெல்லா, கிளெப்சியெல்லா, ஸ்ட்ரெப்டோகொக்கஸ் போன்றவை கூடுதலாகவும் இருந்தன. இது கொஞ்சம் பலமான சான்று. ஆனால் 2019 இல் ஜப்பானில் 99 பெண்களிடம் பார்த்தபோது, நல்ல பக்டீரியா கூடியவர்கள், குறைந்தவர்கள் என்ற இரண்டு கூட்டத்துக்கும் கர்ப்பம் தரித்த அளவில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. பக்டீரியாவை மாற்றினால் குழந்தை தங்குமா என்பது தனிக் கேள்வி, இந்த ஆய்வுகள் எதுவும் அதற்குப் பதில் சொல்லவில்லை. ஐரோப்பாவின் கருத்தரிப்பு மருத்துவச் சங்கம் 2023 இல் வெளியிட்ட பரிந்துரையிலும் இதை எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யும்படி சொல்லவில்லை.

பிறகு ஏன் செய்தாய் என்று மச்சாள் கேட்டாள். இரண்டு நல்ல முளையம் காரணம் தெரியாமல் போன பிறகு மூன்றாவதைக் கண்ணை மூடிக்கொண்டு வைக்க மனம் வரவில்லை. அது விஞ்ஞானம் இல்லை, மனசு. தெரிந்தே செய்தேன். நீங்கள் முதல் தடவை ஐ.வி.எஃப். செய்யப் போகிறீர்கள் என்றால் இந்தக் காசைக் கையில் வைத்திருங்கள் என்றுதான் சொல்வேன்.

முதலில் மலிவானவை

சாதாரண யோனி ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுப்பது), கிளமிடியா என்ற பாலுறவால் தொற்றும் கிருமிக்கான பரிசோதனை இரண்டும் கொழும்பில் எந்த நல்ல ஆய்வுகூடத்திலும் செய்யலாம். வெள்ளைபடுதலில் மீன் நாற்றம் இருந்தால் அதற்கு ஸ்வாப் போதும், மரபணு வாசிக்கத் தேவையில்லை. அடுத்தது கருப்பை உட்படலத்தில் நாட்பட்ட அழற்சி இருக்கிறதா என்று பார்ப்பது. அதற்கும் பயொப்சிதான் (உட்படலத்தில் சின்னத் துணுக்கு எடுப்பது), ஆனால் சேம்பிள் சாதாரண நோயியல் கூடத்துக்குப் போகும். சிடி 138 என்ற சாயம் போட்டுப் அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் பிளாஸ்மா செல்களை எண்ணுவார்கள். நோ, காய்ச்சல் எதுவும் இல்லாமலே இந்த அழற்சி இருக்கலாம். முளையம் திரும்பத் திரும்பத் தங்காதவர்களுக்கு இதைச் செய்து பார்க்கலாம் என்று அதே ஐரோப்பியச் சங்கம் சொல்கிறது. நுண்ணுயிர்ப் பரிசோதனைக்குப் பயொப்சி எடுக்கும் அன்றே கொஞ்சம் கூடுதலாக எடுத்து இதற்கும் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். ஒரே நோவில் இரண்டு வேலை.

பக்கேஜ் கதைக்கு வருவோம். என்னிடம் முதலில் காட்டிய தாளில் மூன்று பரிசோதனை ஒன்றாக இருந்தது: எம்மா (எந்தப் பக்டீரியா எவ்வளவு பங்கு), ஆலிஸ் (அழற்சிக்குக் காரணமான பக்டீரியா இருக்கிறதா), எரா (முளையம் வைக்கச் சரியான நேரம் எது). மூன்றும் ஒரே சேம்பிளில். எரா வேண்டாம் என்றேன். 2022 இல் ஜாமா என்ற மருத்துவச் சஞ்சிகையில் 767 பெண்களை இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வு வந்திருந்தது. எரா சொன்ன நேரத்தில் வைத்தவர்களில் 58.5 வீதம் பேருக்கும், வழக்கமான நேரத்தில் வைத்தவர்களில் 61.9 வீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. டொக்டர் கொஞ்சம் முகம் சுருக்கினார், பிறகு சரி என்றார். வேண்டாததை வேண்டாம் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொண்டு வைத்தியத்தை நிறுத்துவதில்லை.

விலையைத் துண்டு துண்டாகக் கேளுங்கள். பயொப்சிக்கு எவ்வளவு, வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு எவ்வளவு, கூரியருக்கு எவ்வளவு, முடிவைச் சொல்ல டொக்டரைத் திரும்பச் சனல் பண்ண எவ்வளவு. ஆய்வுகூடக் காசு டொலரில் என்றால் எந்த நாளின் மாற்று வீதம் என்று எழுதி வாங்குங்கள். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதத்தில் 360 க்கு ஏறியதைப் பார்த்த நாட்டில் இருக்கிறோம். கடைசியாக, சேம்பிள் சரியில்லை என்று திருப்பினால் யார் செலவு? இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கலண்டரை எடுத்து வையுங்கள்

எம்மாவும் ஆலிஸும் மட்டும் என்றால் இயற்கையான மாதவிடாய்ச் சுற்றில் 15 முதல் 25 ஆம் நாளுக்குள் எடுக்கலாம். அந்தச் சுற்றில் கர்ப்பம் தரிக்கக் கூடாது, ஆகவே ஆணுறை அல்லது விலகியிருத்தல். ஹோமோன் குளிசை போட்டுத் தயார்செய்யும் சுற்றென்றால், ப்ரோஜெஸ்டரோன் என்ற ஹோமோனைத் தொடங்கி ஐந்து நாள் கழித்து எடுப்பார்கள். எனக்கு அப்படித்தான்.

என்னுடைய அந்த ஐந்தாம் நாள் வெசாக்குக்கு முதல் நாளில் விழுந்தது. சேம்பிள் எடுத்தாயிற்று. ஃபிரிட்ஜில் வைத்தார்கள். மறுநாள் போயா, அதற்கடுத்த நாளும் வெசாக் விடுமுறை, அதற்குப் பிறகு ஞாயிறு. இவரும் நானும் பந்தல் பார்க்கப் போனோம், தன்சலில் ஐஸ்கிறீம் வாங்கிச் சாப்பிட்டோம், என் சேம்பிள் விமானம் ஏறிவிட்டது என்ற நினைப்பில். மூன்று கிழமைக்குப் பிறகு கடிதம் வந்தது: சேம்பிள் தாமதமாக வந்ததால் பரிசோதிக்க முடியவில்லை, திரும்ப அனுப்பவும். ஆய்வுகூடக் காசை மறுபடி கேட்கவில்லை. ஆனால் ஒரு மாதக் குளிசை, ஸ்கேன், பயொப்சி எல்லாம் இரண்டாம் தடவை என் கணக்கில். கூரியர் எந்த நாட்களில் வந்து எடுக்கும் என்று கிளினிக்கிலும் யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. நீங்கள் திகதி குறிக்கும்போது போயா, நீண்ட விடுமுறை, வெள்ளிக்கிழமை மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். திங்களும் செவ்வாயும் நல்லது. (கொச்சிக்கடை அந்தோனியாருக்கும் செவ்வாய்தான் விசேஷம், காலையில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வரலாம்.)

அடுத்தது அன்டிபயோடிக். பல்லுக்கொதிக்கு, தொண்டை நோவுக்கு என்று வீட்டில் மிச்சம் கிடக்கும் அமொக்சிசிலினை எடுத்துப் போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. போட்டிருந்தால் சொல்லிவிட்டுத் திகதியைத் தள்ளுங்கள். முட்டை எடுத்த அன்று கொடுத்த அன்டிபயோடிக்கும் இதில் சேரும், அதனால் முட்டை எடுத்த கையோடு இந்தப் பரிசோதனைக்கு அவசரப்படாதீர்கள். எனக்கு ஒரு மாத இடைவெளி விடச் சொன்னார்கள். உங்களுக்கு எத்தனை நாள் என்று உங்கள் டொக்டரிடமே கேளுங்கள்.

உள்ளே எதையும் ஊற்றிக் கழுவாதீர்கள். டெட்டோல், வேப்பிலைத் தண்ணீர், விளம்பரத்தில் வரும் வாசனைக் கழுவி ஒன்றும் வேண்டாம். வெளியே பச்சைத் தண்ணீர் போதும். சேம்பிளுக்காக மட்டுமில்லை, எப்போதுமே. நல்ல பக்டீரியாவைத் துரத்த இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

எடுக்கும் நாள்

ஒரு மணித்தியாலம் முன்பே நோக் குளிசை போடலாமா, எது என்று கேட்டுப் போடுங்கள். மற்றப்படி வயிற்றை வெறுமையாக வைக்கத் தேவையில்லை. நான் காலையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு 100 ஆம் இலக்க பஸ்ஸில் போனேன். திரும்பும்போது ஓட்டோ. காலி வீதியின் குலுக்கலை அந்த வயிற்றோடு பஸ்ஸில் நின்று தாங்க முடியாது.

கால்களை உயர்த்திப் படுக்கவைத்து, ஸ்பெகுலம் வைத்து, கருப்பை வாயைத் துடைப்பார்கள். பிறகு பைப்பெல் என்ற பிளாஸ்டிக் குழாய், யோகட் ட்ரிங்குக்குத் தரும் ஸ்ட்ரோ அளவு மெல்லியது. அது கருப்பை வாயைத் தாண்டும்போது ஒரு இழுவை. 'டிகக் ரிதெய் நங்கி' என்றார் நேர்ஸ், கொஞ்சம் நோகும் தங்கச்சி என்று. அந்தக் 'கொஞ்சம்' முதல் நாள் மாதவிடாய் நோவை இறுக்கிப் பிழிந்தது மாதிரி ஒன்று, எண்ணி இருபது இருபத்தைந்து விநாடி. நான் மேலே கூரைத் தட்டுகளை எண்ணினேன், பதினெட்டு வந்தது. முடிந்ததும் சின்னக் குழாய்க்குள் நிறமில்லாத திரவத்தில் சிவப்பாக ஒரு புழு மாதிரி மிதந்ததைக் காட்டினார்கள். அவ்வளவுதான், அரிசிமணி இரண்டு மூன்று சேர்ந்த அளவு. குழாயின் லேபலில் உங்கள் பெயரும் பிறந்த திகதியும் சரியா என்று அங்கேயே வாசியுங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதும் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

ஓரிரு நாள் லேசான இரத்தக் கசிவு இருக்கும். காய்ச்சல், நாற்றத்தோடு வெள்ளைபடுதல், பேட் நனைந்து வழியும் இரத்தம் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

ரிப்போர்ட்டை வாசிப்பது

இரண்டாவது சேம்பிளின் முடிவு மூன்று கிழமையில் வந்தது. வண்ண வண்ணக் கட்டங்களோடு அழகான தாள். முதலில் அந்த வீதத்தைப் பார்க்காதீர்கள். 'மிகக் குறைந்த அளவு பக்டீரியா' என்ற பொருளில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். அப்படி இருந்தால் ஐந்து தாள் லாச்சிக் கதைதான், கீழே இருக்கும் வீதங்களை அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு பெயர்கள். 38 வீதம் வேறு யாரோ என்பதைவிட அந்த யாரோ யார் என்பது முக்கியம். எனக்குப் பெரும்பகுதி கார்ட்னரெல்லா, அழற்சிப் பட்டியலில் இருந்த எதுவும் இல்லை. ஈகோலை, கிளெப்சியெல்லா, என்டெரோகொக்கஸ் மாதிரிப் பெயர்கள் வந்தால் டொக்டர் வேறு விதமாக யோசிப்பார், மருந்தும் வேறு. அதனால்தான் ஒருவருடைய மருந்தை இன்னொருவர் போடக் கூடாது என்கிறேன்.

டொக்டரிடம் போகும்போது மூன்று கேள்வியை எழுதிக்கொண்டு போனேன். இந்த முடிவுக்கு மருந்து கொடுக்காமல் விட்டால் என்ன நினைக்கிறீர்கள்? கொடுத்தால் எத்தனை நாள், எப்போது திரும்பப் பார்ப்பது? சிடி 138 முடிவோடு இது ஒத்துப்போகிறதா? சனல் சென்டரில் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும், எழுதிக்கொண்டு போகாவிட்டால் வாய் அடைத்துவிடும்.

எனக்கு ஒரு கிழமை மெட்ரோனிடசோல் என்ற அன்டிபயோடிக், அதற்குப் பிறகு யோனிக்குள் வைக்கும் லாக்டோபாசிலஸ் கப்சூல். குளிசை போட்ட நாளெல்லாம் வாயில் செப்புக் காசு வைத்த மாதிரி ருசி. கப்சூலைப் பற்றி டொக்டரே நேர்மையாகச் சொன்னார், சான்று மெலிது, கெடுதல் இல்லை, விருப்பமென்றால் வைக்கலாம் என்று.

மாமி இந்தக் கதையைக் கேட்டதும் தயிர்ச் சட்டி வாங்கத் தொடங்கிவிட்டா. கிழமைக்கு இரண்டு சட்டி, எருமைத் தயிர், கித்துள் பாணியோடு. அவவின் மனம் நோகக் கூடாதென்று சாப்பிட்டேன், நன்றாகவும் இருந்தது. ஆனால் யோகட்டில் இருக்கும் பல்காரிக்கஸ் வகை வேறு, யோனியில் நல்லதென்று சொல்லும் கிறிஸ்பேட்டஸ் வகை வேறு. இரண்டுக்கும் குடும்பப் பெயர் ஒன்றுதான். சாப்பிடுங்கள், பூசாதீர்கள்.

கணவருக்கும் மருந்து வேண்டுமா என்று கேட்கிறார்கள். கருப்பைக்கு இதில் தெளிவான பதில் இல்லை. யோனியில் பக்டீரியா கோளாறு உள்ளவர்களைப் பற்றி 2025 மார்ச்சில் அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுத்தபோது திரும்பி வந்தது 35 வீதம் பேருக்கு, மனைவிக்கு மட்டும் கொடுத்தபோது 63 வீதம் பேருக்கு. அந்தக் கோளாறு உங்களுக்கும் இருந்தால் இதைச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள். இவர் முதலில் 'எனக்கு என்னத்துக்கு' என்றார். ஊசியும் ஸ்கேனும் குழாயும் நான் தாங்கும்போது உங்களுக்கு ஒரு கிழமைக் குளிசை பாரமா என்றேன். பிறகு கதையில்லை.

மீள்பரிசோதனை செய்தேன், 91 வந்தது. மூன்றாவது டிரான்ஸ்ஃபர் தங்கியது, மகளுக்கு இப்போது எட்டு மாதம். இதைப் பரிசோதனையின் கணக்கில் வரவு வைக்க மாட்டேன். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் மருந்து மாறியது, முளையமும் வேறு, ப்ரோஜெஸ்டரோன் அளவையும் டொக்டர் கூட்டினார். மூன்று பேர் ஒரே நாளில் காசு கட்டினால் எது யாருடையது என்று ரசீது இல்லாமல் பிரிக்க முடியாது. எங்கள் குறூப்பில் 98 வீதம் வந்த ஒரு அக்காவுக்கு முளையம் தங்கவில்லை, அவவை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மீள்பரிசோதனை 90 ஐத் தாண்டும்வரை மாதக்கணக்காக மருந்து மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். வயது 38, 39 என்றால், இன்னும் முட்டை எடுக்க வேண்டியிருந்தால், அந்த மாதங்களுக்கும் விலை இருக்கிறது. எத்தனை தடவைக்கு மேல் திரும்பச் செய்ய மாட்டோம் என்பதை முதல் சேம்பிளுக்கு முன்பே இருவரும் பேசி முடித்துவிடுங்கள். நாங்கள் ஒன்று என்று வைத்தோம்.

ரிப்போர்ட்டின் முழுப் பிரதியை, கடைசிப் பக்கம் வரைக்கும், உங்கள் சொந்த ஈமெயிலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு முதலில் தந்தது வட்டப் படம் போட்ட முதல் பக்கம் மட்டும், பக்டீரியாப் பெயர்கள் மூன்றாம் பக்கத்தில் இருந்தன.